24 செக்கன், 288 ஃபிரேம்: முதல் ஸ்டொப் மோஷன் படத்தை வீட்டிலேயே எடுப்பது எப்படி

ஒரு பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு ஃபோட்டோ எடுக்கிறோம். மறுபடி கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று எடுக்கிறோம். எல்லாவற்றையும் அடுக்கி வேகமாக ஓடவிட்டால் அந்தப் பொருள் தானாக அசைகிறது. ஸ்டொப் மோஷன் என்பது இவ்வளவுதான். ஒரு போன், ஆடாத ஒரு மேசை, இரண்டு லாம்பு, கொஞ்சம் கிளே இருந்தால் கொழும்பில் ஒரு ஃபிளாட்டின் சின்ன அறைக்குள்ளேயே முழுப் படத்தையும் முடித்துவிடலாம்.

ஆனாலும் ஆசையோடு தொடங்குகிறவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதல் படமே ஐந்து நிமிடம் ஓடவேண்டும் என்று நினைப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பொம்மையை எப்படி அசைப்பது என்பதிலேயே முழுக் கவனமும் போய், அசையக்கூடாதவை மறந்துபோவது. பொம்மை கொஞ்சம் பிசகி நகர்ந்தால் பார்ப்பவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். கமரா ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் சுவர், தரை, வானம் எல்லாமே குலுங்கும். வெளிச்சம் கூடிக் குறைந்தால் படம் முழுக்கச் சிமிட்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, அசையாமல் வைத்திருப்பது பற்றித்தான்.

முதலில் கணக்கு

சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஸ்டொப் மோஷனில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, செக்கனுக்கு 12 ஃபோட்டோ எடுப்பது நெடுநாள் வழக்கம். பழகிய கலைஞர்களும் பல காட்சிகளை இப்படித்தான் எடுக்கிறார்கள். நீங்களும் 12 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 8க்கு இறக்கினால் வேலை குறையும், அசைவு வெட்டி வெட்டித் தெரியும். 24க்கு ஏற்றினால் வேலை இரட்டிப்பாகும், கையில் வரும் சின்னச் சின்னப் பிசகுகளும் நடுக்கமாகத் தெரியும்.

முதல் படம் 24 செக்கன் ஓடட்டும். 24ஐ 12ஆல் பெருக்கினால் 288 ஃபோட்டோ. இனி எடுக்கும் ஒவ்வொரு ஃபோட்டோவையும் ஒரு ஃபிரேம் என்றே சொல்வோம். ஒரு ஃபிரேமுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் படம் பிடிக்க மட்டும் ஐந்து மணி நேரம் வருகிறது. பெரிய ஸ்டூடியோக்களிலேயே ஒரு அனிமேட்டர் ஒரு நாளில் சில செக்கன்களைத்தான் எடுத்து முடிப்பார். 24 செக்கன் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கதை: விழுந்த பணிஸ்

முதல் கதையில் பேச்சு வேண்டாம், நடை வேண்டாம், இரண்டு கதாபாத்திரத்துக்கு மேல் வேண்டாம். நடக்கவைப்பது மிகக் கடினமான வேலை. ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் பொம்மை சாயும், கால் பதியும் இடம் வழுக்கும். ஆகவே காலே இல்லாத ஒருவரைக் கதாநாயகனாக்குங்கள்.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் கதை இது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒழுங்கைக்குள் இருப்பவர்களுக்குச் சூன் பாண் ஓட்டோவைத் தெரியாமல் இருக்காது. பீத்தோவனின் மெட்டை ஒலிக்கவிட்டபடி, கண்ணாடிப் பெட்டிக்குள் பாணும் பணிஸும் மாலு பாணுமாக வரும். அந்த வண்டியிலிருந்து ஒரு பணிஸ் கீழே விழுகிறது. வண்டி போய்விடுகிறது. பணிஸ் கண் விழித்துப் பார்த்து, துள்ளித் துள்ளி வண்டியைத் துரத்துகிறது. நடுவில் ஒரு பூனை. கடைசியில் ஒரே தாவில் பெட்டிக்குள் போய் விழுகிறது. உருண்டை வடிவம் என்பதால் செய்வது சுலபம், துள்ளுவதால் நடை தேவையில்லை, வாயும் தேவையில்லை.

காட்சிகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. ஒழுங்கை, தூரத்திலிருந்து. ஓட்டோ இடமிருந்து வலமாகப் போகிறது, பணிஸ் விழுகிறது. 5 செக்கன், 60 ஃபிரேம்.
2. பணிஸ், கிட்டத்திலிருந்து. கண் திறக்கிறது, இரண்டு பக்கமும் பார்க்கிறது. 4 செக்கன், 48 ஃபிரேம்.
3. பக்கவாட்டில், பணிஸ் துள்ளிப் போகிறது. 6 செக்கன், 72 ஃபிரேம்.
4. பூனையின் முன்னால் பணிஸ் அசையாமல் நிற்கிறது, பூனையின் வால் மட்டும் ஆடுகிறது. 4 செக்கன், 48 ஃபிரேம்.
5. ஓட்டோவின் பின்புறம். பணிஸ் தாவி உள்ளே விழுகிறது. 5 செக்கன், 60 ஃபிரேம்.

நாலாவது காட்சியைக் கவனியுங்கள். பணிஸ் பயத்தில் உறைந்து நிற்பதால் நீங்கள் வாலை மட்டும் நகர்த்தினால் போதும். வேலை குறைவு, ஆனால் சிரிப்பு அங்கேதான் வரும். ஒருவர் அசையாமல் நிற்பதும் நடிப்புத்தான் என்பதை இந்தக் கலை சீக்கிரமே கற்றுத்தருகிறது.

ஒவ்வொரு காட்சியையும் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் கீறுங்கள். வடிவாக வரவேண்டிய அவசியமில்லை, எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் சரி. பிறகு அந்த ஐந்து தாள்களையும் ஃபோட்டோ எடுத்து, எடிட்டிங் செயலியில் மேலே சொன்ன நீளங்களுக்கு வரிசையாக வைத்து, நீங்களே வாயால் சத்தம் கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரை மணி நேர வேலைதான். எந்தக் காட்சி இழுக்கிறது, எது புரியவில்லை என்பது இங்கேயே தெரிந்துவிடும். 48 ஃபிரேம் எடுத்தபிறகு ஒரு காட்சியை வெட்டி எறிவதைவிட, ஒரு பென்சில் தாளைக் கிழிப்பது எவ்வளவோ நல்லது.

சாமான் வாங்குதல்

புறக்கோட்டைக்கு ஒரு தடவை போனால் எல்லாம் முடிந்துவிடும். மலிபன் வீதியின் காகிதக் கடைகளில் பிரிஸ்டல் போர்ட், டிரேசிங் பேப்பர், கிளே, மாஸ்கிங் டேப், புளூ டக் (ஒட்டிவிட்டுப் பிறகு கழற்றக்கூடிய களிபோன்ற பசை) வாங்கலாம். போன் ட்ரைபொட், புளூடூத் ரிமோட் போன்றவை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம். கம்பி, ஆணி, பெயின்ட் வேண்டுமென்றால் பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகள். சனிக்கிழமை முன்னேரத்தோடு போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு நெரிசல்.

கிளே வாங்கும்போது எண்ணெய் கலந்த, காய்ந்து போகாத வகையைக் கேட்டு வாங்குங்கள். காற்றில் இறுகும் வகை, படம் எடுக்கும்போதே வெடிப்பு விடும். ட்ரைபொட் எவ்வளவு பாரமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கையளவு உயரமுள்ள, வளையும் கால் கொண்ட ட்ரைபொட்டுகள் அழகாக இருக்கும், ஆனால் போனின் பாரத்தில் மெதுமெதுவாகத் தொய்ந்துகொண்டே போகும். முப்பது ஃபிரேம் எடுத்தபிறகுதான் அது உங்களுக்குத் தெரியவரும்.

நிஜப் பணிஸையே வைத்து எடுத்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். லாம்பு வெளிச்சத்தில் அது காய்ந்து சுருங்கும், எறும்பும் வரும். கிளேயே சரி.

பணிஸும் ஒழுங்கையும் செய்தல்

நாலு சென்றிமீற்றர் அகலத்தில் பணிஸைச் செய்யுங்கள். நடுவில் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக வைத்து அதற்கு மேல் கிளே போர்த்தினால் பாரம் குறையும், கிளேயும் மிச்சப்படும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள், மூன்று செய்யுங்கள்: சாதாரண பணிஸ், அமுங்கிச் சப்பையான பணிஸ், மேல்நோக்கி நீண்ட பணிஸ். துள்ளும்போது இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைக்கப் போகிறோம். ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் விரல் அடையாளம் ஏறி, அசைவைவிட அந்தத் தழும்புகள்தான் கண்ணில் படும். மூன்றிலும் ஒரே அளவு கிளே இருக்கட்டும். சப்பையாகும்போது அகலம் கூடவேண்டும், நீளும்போது ஒடுங்கவேண்டும். இல்லாவிட்டால் பணிஸ் சுருங்கி வளர்வதுபோல் இருக்கும்.

கண்ணுக்குச் சின்ன வெள்ளை மணி இரண்டு. மணியின் துளைதான் கண்மணி. அதில் ஊசி நுனியை விட்டுத் திருப்பினால் பார்வை திரும்பும். இமைக்குப் பணிஸின் நிறத்திலேயே மெல்லிய கிளேத் துண்டு. ஒரு தடவை கண் சிமிட்ட மூன்று ஃபிரேம் போதும்: பாதி மூடி, முழுதாக மூடி, மறுபடி பாதி. மூன்று பணிஸுக்கும் கண்கள் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

வெள்ளைக் கிளேயைத் தொடும் முன் கை கழுவுங்கள். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஈரத் துணியால் விரலைத் துடையுங்கள். விரல் அடையாளத்தைப் போக்க ஒரு துளி எண்ணெயை விரல் நுனியில் தடவி மெதுவாக நீவினால் போதும். கொழும்பு வெக்கையில் கிளே இளகிவிடும். இடையிடையே பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்ததும் மேலே ஈரம் படியும், அதை ஒற்றி எடுத்துவிட்டே படம் பிடியுங்கள்.

ஓட்டோவுக்கு விளையாட்டு முச்சக்கர வண்டி ஒன்றை எடுத்து, பின்னால் மட்டைப் பெட்டி ஒட்டினால் போதும். சக்கரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்கள். அப்போதுதான் சக்கரம் சுழல்வது தெரியும். ஒழுங்கையின் தரை சாம்பல் நிறப் பிரிஸ்டல் போர்ட், மதில் ரெஜிஃபோம் (தெர்மோகோல்). மதிலுக்கு மேலே ஒரு வாழை இலை, ஒரு மின்கம்பி, ஒரு காகம் இருந்தால் பார்த்தவுடன் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். பின்னணியில் அதற்கு மேல் எதையும் நெருக்க வேண்டாம். பணிஸ் பழுப்பு நிறம் என்பதால் பின்னணி நீலமோ இளம்பச்சையோ ஆக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் மேசையோடு ஒட்டிவிடுங்கள். பிரிஸ்டல் போர்ட்டின் நாலு ஓரமும் மாஸ்கிங் டேப், மதிலின் அடியில் புளூ டக். படம் பிடிக்கும்போது முழங்கை படாமல் இருக்காது. பட்டாலும் அசையக்கூடாது.

கமராவை ஆணி அடித்ததுபோல் நிறுத்துதல்

ட்ரைபொட்டின் கால்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். நடுத்தண்டில் தண்ணீர்ப் போத்தலையோ ஒரு கிலோ அரிசிப் பையையோ தொங்கவிடுங்கள், அது ஆடாமல் நிலத்தைத் தொட்டபடி இருக்கட்டும். மேசைக்காலும் லாம்பின் அடியும் எங்கே நிற்கின்றன என்று டேப்பால் அடையாளம் வைத்துவிட்டால், யாராவது தட்டினாலும் திருப்பி வைக்கலாம்.

கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு என்றால், ரயில் போகும்போது மேசை அதிர்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் அது கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கடற்காற்று வரும் யன்னலையும் மூடுங்கள். வியர்க்கும்தான். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் திறந்துவிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.

போனை விரலால் தொட்டு ஃபோட்டோ எடுக்கவே கூடாது. புளூடூத் ரிமோட் இல்லாவிட்டால், பல போன்களில் வயர் இயர்போனின் சத்தம் கூட்டும் பொத்தான் ஷட்டராக வேலை செய்யும். சார்ஜ் வயரைத் தொடக்கத்திலேயே செருகிவிடுங்கள். நடுவில் பேட்டரி இறங்கி வயர் செருகப்போனால் கமரா நகர்ந்துவிடும். ஏரோப்பிளேன் மோடில் போட்டால் அழைப்பு வந்து அதிராது. புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். போன் படுக்கைவாட்டில் இருக்கட்டும்.

வெளிச்சம்

புதியவர்களின் படங்களில் முதலில் கண்ணை உறுத்துவது சிமிட்டல்தான். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றையும் அடைக்கவேண்டும்.

முதலாவது சூரியன். யன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று தோன்றும், ஆனால் ஒரு மேகம் கடந்தால்கூட அடுத்த ஃபிரேமின் நிறம் மாறும். நீங்கள் ஒரு மணி நேரத்தில் எடுப்பது திரையில் ஐந்து செக்கனில் ஓடுகிறது. அந்த ஒரு மணி நேர மேகமெல்லாம் ஐந்து செக்கனுக்குள் வந்து நிற்கும். கறுப்புத் துணியாலோ பத்திரிகைத் தாளாலோ யன்னலை முழுதாக மூடுங்கள், அல்லது இரவில் எடுங்கள். ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் இரவு வேலை வசதிதான்.

இரண்டாவது, போனின் கெட்டித்தனம். ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் அது தானாகவே வெளிச்சம், ஃபோகஸ், நிறம் மூன்றையும் புதிதாகக் கணக்குப் போடும். பணிஸ் கொஞ்சம் நகர்ந்ததும் கணக்கு மாறும், படம் சிமிட்டும். ஆகவே மூன்றையும் பூட்டவேண்டும். ஐபோனில் திரையை நீளமாக அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டப்படும். அண்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் புரோ மோட் இருக்கிறது. அதில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவு) 100 வைத்து, ஃபோகஸையும் வைட் பலன்ஸையும் (நிறத்தின் அமைப்பு) கையால் அமைத்துவிடுங்கள். எச்டிஆர், நைட் மோட், அழகூட்டும் வசதிகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கட்டும்.

மூன்றாவது, நம் வீட்டு மின்சாரம். இலங்கையில் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலையும், அதனால் பல லாம்புகளின் ஒளி செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை, அதாவது கமரா வெளிச்சத்தை உள்வாங்கும் நேரத்தை, ஒரு செக்கனில் 1/50, 1/25, 1/10 பங்கு இவற்றில் ஒன்றாக வைத்தால், ஒவ்வொரு ஃபோட்டோவிலும் அந்த அலை முழு எண்ணிக்கையில் அடங்கிவிடும், வெளிச்சம் ஒரே அளவாக வரும். அமெரிக்கக் காணொளிகளில் 1/60 என்று சொல்வார்கள். அங்கே மின்சாரம் 60 தடவை அலைவதால் அவர்களுக்கு அது சரி, நமக்குச் சரிவராது. பொம்மை அசையாமல் நிற்பதால் 1/10 போன்ற மெதுவான வேகத்தாலும் மங்கல் வராது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள லாம்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.

லாம்புகளை வைக்கும் முறை எளிது. பிரதான லாம்பை முன்னால் ஒரு பக்கமாக, சற்று உயரத்தில் வையுங்கள். அதன் முன்னால் டிரேசிங் பேப்பரைப் பிடித்தால் நிழல் மென்மையாகும், ஆனால் பேப்பர் பல்பில் தொடக்கூடாது. மறுபக்கத்தில் ஒரு வெள்ளைப் பிரிஸ்டல் போர்ட்டை நிறுத்தினால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி இருண்ட பக்கத்தை நிரப்பும். இரண்டாவது லாம்பு பின்னணிக்கு. பல்ப் எல்இடியாக இருக்கட்டும். பழைய மஞ்சள் பல்ப் மூடிய அறையை அவித்துவிடும், கிளேயும் உருகும்.

இன்னொன்று, உங்கள் உடுப்பு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு அருகில் நடமாடினால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். கறுப்பு அல்லது கடும் நீல உடுப்போடு, ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் ஒரே இடத்துக்குப் பின்வாங்கி நில்லுங்கள். நிற்கும் இடத்தையும் தரையில் டேப்பால் குறித்துவிடலாம்.

ஒரு நாணயத்தோடு பழகுதல்

செயலியாக ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். அண்ட்ரொய்ட், ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது, இலவசப் பதிப்பே தொடக்கத்துக்குப் போதும். வேகத்தை 12 என்று அமையுங்கள். ஒனியன் ஸ்கின் வசதியை இயக்கினால், முந்தைய ஃபிரேம் மங்கலாகத் திரையில் தெரியும். எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்க்க இதுதான் உங்கள் கண்.

பணிஸைத் தொடும் முன் ஒரு நாணயத்தை எடுத்து மேசையில் 36 சென்றிமீற்றர் தூரம் போகவையுங்கள். இரண்டு செக்கன், 24 ஃபிரேம். முதலில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக 1.5 சென்றிமீற்றர் நகர்த்தி எடுத்துப் பாருங்கள். நாணயம் ஓடும், ஆனால் உயிரில்லாமல் ஓடும். பிறகு அதே தூரத்தை வேறு விதமாக எடுங்கள்: தொடக்கத்தில் 2 மில்லிமீற்றர், பிறகு 4, பிறகு 8, அப்படியே கூட்டிக்கொண்டு போய் நடுவில் மூன்று சென்றிமீற்றர் வரை பெரிதாக நகர்த்தி, முடிவில் மறுபடி குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். இப்போது நாணயம் தானே கிளம்பி, வேகமெடுத்து, தானே பிரேக் பிடித்து நிற்கும். ஒரு பொருளுக்குப் பாரம் இருக்கிறது, மனசு இருக்கிறது என்று நம்பவைப்பது இந்த இடைவெளிகள்தான். இந்தப் பயிற்சியைச் சலிக்கும்வரை செய்யுங்கள். மேசை ஓரத்தில் ஒட்டிய டேப்பில் இடைவெளிகளைப் பேனையால் குறித்து வைத்தால் ஓட்டோவை ஓட்டும்போதும் அதே அளவு உதவும்.

பணிஸைத் துள்ளவைத்தல்

ஒரு துள்ளலுக்கு ஒன்பது ஃபிரேம் கணக்கிடுங்கள். முதல் இரண்டு ஃபிரேமில் சப்பைப் பணிஸ்: துள்ளுவதற்கு முன் அமுங்குகிறது. இது இல்லாவிட்டால் யாரோ தூக்கி எறிந்ததுபோல் இருக்கும். மூன்றாவது ஃபிரேமில் நீண்ட பணிஸ், இன்னும் நிலத்தைத் தொட்டபடி. நாலாவது, மேலே போகிறது. ஐந்தும் ஆறும் உச்சியில், சாதாரண பணிஸ், இரண்டுக்கும் நடுவில் மிகக் குறைந்த நகர்வு. ஏழாவதில் நீண்டு கீழே இறங்குகிறது. எட்டாவதில் நிலத்தில் சப்பை. ஒன்பதாவதில் பழைய வடிவம். அடுத்த துள்ளல் தொடங்கும்.

காற்றில் எப்படி நிற்கும்? பணிஸின் பின்பக்கம், கமராவுக்குத் தெரியாத இடத்தில், ஒரு தடித்த கம்பியைக் குத்தி, கம்பியின் மறுமுனையைப் பின்னணி மதிலில் செருகுங்கள். மதில் ரெஜிஃபோம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் குத்தலாம், அடுத்த ஃபிரேமில் அந்த ஓட்டையைப் பணிஸே மறைக்காவிட்டால் மதில் நிறக் கிளேயால் அடைக்கலாம். மதில் தூரத்தில் இருந்தால், தொடக்கத்தில் வெறும் ஒழுங்கையை மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் கம்பி தெரியும் இடத்தை அழித்து, கீழே அந்த வெற்று ஃபோட்டோவை வைத்தால் கம்பி மறைந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. எல்லாவற்றையும் காகிதத்தில் வெட்டி, மேசையில் படுக்கவைத்து, போனை மேலிருந்து நேர் கீழே பார்க்கும்படி பூட்டிவிடலாம். படுத்திருக்கும் பணிஸ் எங்கேயும் விழாது. ஜெர்மனியின் லொட்டே ரைனிகர் 1926இல் வெளியான தனது முழுநீளப் படத்தை இந்த வழியில்தான் எடுத்தார்: மட்டையிலும் மெல்லிய ஈயத்தகட்டிலும் வெட்டிய உருவங்கள், கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை, மேலே கமரா. கிளே பிடிக்காதவர்கள் தாராளமாக இப்படித் தொடங்கலாம்.

இரண்டு பேராக வேலை செய்வது நல்லது. ஒருவர் நகர்த்துபவர், மற்றவர் ரிமோட் வைத்திருப்பவர். அக்கா நகர்த்தினால் தம்பி ஒவ்வொரு தடவையும் "கை எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அமுக்கவேண்டும். ஃபிரேமுக்குள் கை வந்துவிட்டால் பதற வேண்டாம், அந்த ஒன்றை அழித்துவிட்டுத் திரும்ப எடுங்கள். பத்து ஃபிரேமுக்கு ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு காட்சியைத் தொடங்கினால் அந்த அமர்விலேயே முடியுங்கள். இரவு முழுக்க விட்டுவைத்தால் கிளே தொய்யும், தூசி படியும், பல்லி ஏறிப் போகும். கரண்ட் போனால் எதையும் தொடாமல் வெளியே வந்து காத்திருப்பதே நல்லது.

சத்தம்

படம் முடிந்தபிறகு சத்தத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சத்தம் சேர்ந்ததும் அதே பணிஸ் பாரமாகவும் மென்மையாகவும் ஆகிவிடுவதைப் பார்ப்பீர்கள். துள்ளி விழும் சத்தத்துக்கு ஈரத் துணியை மேசையில் மெதுவாக அடித்துப் பதியுங்கள். தாவும்போது உதட்டால் ஒரு சின்ன "புளப்". அலுமாரியைத் திறந்து, தொங்கும் உடுப்புகளுக்கு நடுவில் போனைப் பிடித்துப் பதிந்தால் அறை எதிரொலி வராது. ஒழுங்கைச் சத்தத்துக்குக் காலையில் யன்னலோரம் இரண்டு நிமிடம் பதியுங்கள்: காகம், தூரத்து ஹோர்ன், யாரோ கேற் திறக்கும் சத்தம்.

சூன் பாண் மெட்டு பீத்தோவனுடையது, அவர் 1827இலேயே இறந்துவிட்டார், ஆகவே மெட்டுக்கு இப்போது உரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் இன்னொருவர் வாசித்துப் பதிந்த இசைக்கு உரிமை இருக்கலாம். உறவில் யாராவது பிள்ளை கீபோர்ட் படித்தால் அதை வாசிக்கச் சொல்லிப் பதிவது நல்லது, படத்தில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

அடுத்த படத்தில் பேசவைக்க விரும்பினால் ஒழுங்கு தலைகீழாகும். குரலை முதலில் பதிந்து, எந்தச் சொல் எத்தனையாவது ஃபிரேமில் வருகிறது என்று எழுதிவிட்டுப் பிறகே வாயை அசைக்கவேண்டும். தமிழுக்கு ஐந்து வாய் வெட்டி வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்: மூடியது (ப, ம), அகலத் திறந்தது (ஆ), வட்டம் (ஓ, உ), பக்கவாட்டில் நீண்டது (ஈ, ஏ), சற்றே திறந்தது மற்றவற்றுக்கு. "அம்மா" என்று அரைச் செக்கனில் சொன்னால் ஆறு ஃபிரேம்: ஒரு ஃபிரேம் சற்றே திறந்த வாய், இரண்டு ஃபிரேம் மூடிய வாய், மூன்று ஃபிரேம் அகலத் திறந்த வாய். நடுவில் உதடு மூடுவது மட்டும் சரியாக விழுந்தால் மற்றதெல்லாம் தானாகவே நம்பும்படி இருக்கும்.

கோத்து முடித்தல்

போனிலேயே கப்கட் என்ற எடிட்டிங் செயலியில் வெட்டலாம். கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு. வேகத்தை 24 என்று வைத்து ஒவ்வொரு ஃபோட்டோவும் இரண்டு ஃபிரேம் நிற்கும்படி அமையுங்கள். பூனை காட்சியில் பணிஸ் உறைந்து நிற்பது போதவில்லை என்று தோன்றினால், கடைசி ஃபோட்டோவை இன்னும் அரைச் செக்கன் நீட்டிவிடலாம். வெட்டும்போது இரக்கம் வேண்டாம், 24 செக்கன் 21 ஆனால் படம் பெரும்பாலும் நன்றாகவே ஆகும். பெயர்ப் பட்டியலில் லாம்பு பிடித்தவர், கீபோர்ட் வாசித்தவர், மேசையை விட்டுக்கொடுத்த அம்மா, எல்லோரும் வரட்டும். 1080பி அளவில் வெளியே எடுங்கள். எல்லா ஃபோட்டோக்களையும் காட்சிவாரியாக ஃபோல்டர் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். முடிந்த காணொளி மட்டும் கையில் இருந்தால் பிறகு ஒரு ஃபிரேமைக்கூடத் திருத்த முடியாது.

பணிஸ் ஓடிவிட்டதென்றால் இரண்டாவது படத்துக்குக் கால் உள்ள பொம்மை ஒன்றைச் செய்யலாம். 1.5 மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியை இரண்டாக மடித்து முறுக்கி உள்ளெலும்பு செய்யுங்கள். விறைப்பான இரும்புக் கம்பி வேண்டாம், வளைத்தாலும் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும். முழங்காலும் முழங்கையும் மட்டும் வளையும்படி, இடைப்பட்ட எலும்புகளை மாஸ்கிங் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். பாதத்துக்குள் சின்னக் காந்தம், தரைக்குக் கீழே பிஸ்கட் டின்னின் தட்டையான மூடி. ஒற்றைக் காலில் நின்றாலும் பொம்மை விழாது.